தவிடு யாருக்கு?

சிறிய தொழில்களுக்குத் திறமை போதாது என்று ஒரு பேச்சு இருக்கிறது. பேச்சு என்ன, தீர்ப்பு என்றே சொல்லலாம். நிபுணர்கள் எழுதுகிறார்கள், அதிகாரிகள் மேடையில் சொல்கிறார்கள், கடையில் பளபளப்பான அரிசிப் பையைத் தூக்கும்போது நாமும் மனசுக்குள் தலையாட்டுகிறோம். கிராமத்து அரிசி மில், மரச் செக்கு, கருப்பட்டி காய்ச்சுகிற ஓலைக் குடிசை, தெருக்கோடியில் முறுக்குச் சுடுகிற அம்மாள் எல்லோரும் பாவம், உழைப்பாளிகள்தான், ஆனால் திறமையற்றவர்கள். ஆகவே காலம் வரும்போது மரியாதையாக ஒதுங்கிக்கொள்ள வேண்டியவர்கள். அதுவரை அவர்கள்மேல் அனுதாபம் காட்டலாம். பண்டிகைக்குப் பண்டிகை ஒரு கண்காட்சி வைக்கலாம். மந்திரி வந்து ஒரு முறுக்கைக் கடித்துப் பார்க்கலாம்.

இந்தத் தீர்ப்பை நான் ஒப்புக்கொள்ளவில்லை. அதற்காக உடனே என்னை உலக்கைக் கோஷ்டியில் சேர்த்துவிடாதீர்கள். அந்தக் கோஷ்டியோடும் எனக்கு ஒரு வழக்கு உண்டு, அதற்கும் வருவேன். முதலில் இந்தத் 'திறமை' என்ற வார்த்தையைக் கொஞ்சம் நிறுத்தி வைத்து விசாரிப்போம்.

திறமை என்றால் எதில் திறமை? ஓர் ஆள் ஒரு நாளில் எவ்வளவு செய்கிறான் என்பது ஒரு கணக்கு. ஒரு ரூபாய் முதல் போட்டால் எவ்வளவு கிடைக்கிறது என்பது இன்னொரு கணக்கு. ஒரு மூட்டை நெல்லில் எத்தனை படி சோறாகிறது, ஒரு கட்டு விறகில் எத்தனை பானை காய்கிறது என்பவை வேறு கணக்குகள். இவற்றில் ஒன்றில் ஜெயிக்கிறவன் மற்றொன்றில் தோற்கலாம். ஆனால் 'திறமை' என்று மொட்டையாகச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் முதல் கணக்கை மாத்திரமே மனத்தில் வைத்துக்கொண்டு பேசுகிறார்கள். ஆள் மலிந்து, பணமும் விறகும் அரிதான தேசத்தில், மலிந்ததை மிச்சம் பிடிப்பதற்குத் திறமை என்று பெயர்!

எங்கள் ஆற்றங்கரைக்கு வாருங்கள். பொதிகையில் பிறந்து புன்னைக்காயலில் கடலில் கலக்கும்வரை தாமிரபரணிக்கு எட்டு அணைக்கட்டுகள். கோடைமேலழகியானில் ஆரம்பித்து ஸ்ரீவைகுண்டத்தில் முடியும். அந்தக் கால்களில் பாய்கிற தண்ணீரில்தான் காரும் பிசானமும் விளைகின்றன. விளைந்த நெல்லைச் சோறாக்குவதற்கு முன்னால் செய்ய வேண்டிய காரியங்கள் முழுவதும் ஒரு காலத்தில் வீட்டு முற்றத்தில் நடந்தன. நெல்லை ஊறப் போடுவது, அண்டாவில் அவிப்பது, பாயில் பரப்பி, வெயிலுக்குத் தக்கபடி காலால் கிண்டிக் காயவைப்பது, பிறகு உரலில் இட்டுக் குத்துவது, சொளவில் புடைப்பது. இதில் எந்தப் படியையும் எந்தக் கல்லூரியிலும் சொல்லிக் கொடுக்கவில்லை. அண்டாவுக்குள் கையை விட்டு நாலு நெல்லை எடுத்து நசுக்கிப் பார்த்தே, "போதும், இறக்கு" என்பாள் கிழவி.

அந்த அவியலில் என்ன இருந்தது என்பதை விஞ்ஞானிகள் பின்னால்தான் கண்டுபிடித்தார்கள். தவிட்டோடு போகிற பி-1 வைட்டமினில் ஒரு பங்கு, நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது அரிசியின் உள்ளே இறங்கிவிடுகிறது. பிறகு யந்திரத்தில் தீட்டினாலும் அது முழுவதும் போவதில்லை. பழைய சென்னை மாகாணத்தில் பெரிபெரி நோய் எங்கே பரவியிருந்தது தெரியுமா? மில்லில் தீட்டிய பச்சரிசியைத் தின்ற வடசர்க்கார் ஜில்லாக்களில், அதாவது இன்றைய ஆந்திரக் கடற்கரையில். புழுங்கலரிசி தின்ற தமிழ் ஜில்லாக்கள் பெரும்பாலும் தப்பித்தன. குன்னூரில் இருந்த ஆராய்ச்சிக் கூடத்தார் இதற்குக் காரணம் சொன்னார்கள். கிழவி காரணம் சொல்லவில்லை, காரியத்தைச் செய்தாள்.

இந்த இடத்தில் உலக்கைக் கோஷ்டி கைதட்டும். கொஞ்சம் பொறுங்கள்.

1934-ஆம் வருஷக் கடைசியில் அகில இந்திய கிராமக் கைத்தொழில் சங்கம் ஏற்பட்டது; வார்தாவில் இயங்கியது. தஞ்சாவூரில் பிறந்த ஜே. சி. குமரப்பா அதை நடத்தினார். மில் அரிசிக்கு எதிராகக் கைக்குத்தல் அரிசிக்காகக் காந்திஜியும் அவரும் வாதாடினார்கள். சத்தைப் பற்றி அவர்கள் சொன்னது வாஸ்தவம். வேலை போகிறது என்று சொன்னதும் வாஸ்தவம். குமரப்பாவின் மேல் எனக்குப் பெரிய மதிப்பு உண்டு. இந்த நாட்டில் செலவுக் கணக்கை முழுசாக எழுதிப் பார்க்கச் சொன்ன வெகு சிலரில் அவர் ஒருவர். ஆனால் ஆசிரமத்தில் விடியற்காலை ஒரு மணி நேரம் உலக்கை போடுவது வேறு. அதையே பிழைப்பாகக் கொண்டு வயிற்றில் பிள்ளையோடு உலக்கை போடுவது வேறு. கன்னடியன் கால் பாய்கிற ஓர் ஊரில், வாலிப வயதில் நெல் குத்திப் பிழைத்த ஓர் ஆச்சியிடம் இதைப் பற்றிக் கேட்டேன். கைக்குத்தல் அரிசிக்கு இப்போது நகரத்தில் கிராக்கி என்றும், மறுபடியும் பெண்களுக்கு அந்த வேலை கிடைத்தால் நல்லதுதானே என்றும் சொல்லி வைத்தேன்.

"யய்யா, நான் குத்தும்போது எவன் ரூவா குடுத்தான்? பொழுதன்னைக்கும் குத்தினா நாழி அரிசி. தவிடு வீட்டுக்காரிக்கு. உலக்கையைத் திரும்பக் கொண்டாரேன்னு எவனாவது சொன்னா, அவன் கையில அதைக் குடுத்து ஒரு கோட்டை நெல்லு குத்தச் சொல்லு. பொறவு பேசுவோம்" என்றாள்.

இதற்குமேல் அந்தக் கோஷ்டிக்கு நான் என்ன பதில் சொல்ல இருக்கிறது? ஆனால் அவள் சொன்னதில் ஒரு வார்த்தையைக் கவனியுங்கள். 'தவிடு வீட்டுக்காரிக்கு.' குத்துவதில் உள்ள நோவை மாத்திரம் அவள் சொல்லவில்லை. குத்தி வருகிறதில் எது யாருக்குப் போயிற்று என்பதையும் சேர்த்துச் சொன்னாள். பொருளாதாரம் என்பது அதுதான்.

உலக்கைக்குப் பிறகு ஹல்லர் வந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் பிரேஸில் தேசத்தில் எங்கல்பெர்க் என்பவர் காப்பிக்கொட்டைத் தோலை நீக்கச் செய்த யந்திரத்தின் வம்சம் அது. ஓர் இரும்பு உருளை, ஒரு சல்லடை, ஒரு மோட்டார், கூரைக்கு நாலு தகரம். ஊருக்கு ஊர் 'ரைஸ் மில்' உண்டாகிவிட்டது. வீட்டில் அவித்துக் காயவைத்த நெல்லைச் சாக்கிலோ கடகப் பெட்டியிலோ கொண்டுபோய், கூலி கொடுத்து அரைத்துக்கொண்டு வருவார்கள். மில்காரருக்கு நெல் வாங்க முதல் வேண்டாம், கிட்டங்கி வேண்டாம், வியாபாரத் தரகு வேண்டாம். நெல்லுக்குச் சொந்தக்காரி எதிரிலேயே நிற்கிறாள். அவள் அரிசியில் அடுத்தவள் அரிசி கலக்காது, கல் கலக்காது.

இந்த ஹல்லரைத்தான் நிபுணர்கள் திறமைக் குறைவுக்கு முதல் உதாரணமாகக் காட்டுகிறார்கள். அவர்கள் சொல்வதை அவர்கள் வாயாலேயே கேட்டுவிடுவோம். நூறு கிலோ நெல்லில் உமி இருபது கிலோ. தவிடு எட்டிலிருந்து பத்து. மிச்சம் எழுபது கிலோ அரிசியாக வேண்டும். ரப்பர் உருளை வைத்த புது மில் அறுபத்தெட்டு, எழுபது என்று எடுத்துவிடுகிறது. ஹல்லரில் பச்சை நெல்லைப் போட்டால் அறுபத்தைந்தைத் தாண்டுவது கஷ்டம். குருணை அதிகம் விழும். உமியும் தவிடும் ஒன்றாகக் கலந்து கொட்டும். அந்தத் தவிட்டில் எண்ணெய் எடுக்க முடியாது. நூற்றுக்கு ஐந்து கிலோ நஷ்டம் என்றால், தேசத்துக்கு எத்தனை லட்சம் டன் நஷ்டம்!

கேட்கப் பயமாகத்தான் இருக்கிறது. ஆனால் இரண்டு கேள்விகள். எங்கள் பக்கத்தில் ஹல்லருக்குள் போனது பச்சை நெல்லா? இல்லை, அவித்த நெல். அவித்த நெல் இறுகிப்போயிருக்கும், சுலபத்தில் நொறுங்காது. நஷ்டத்தில் பெரும்பகுதியைக் கிழவியின் அண்டா ஏற்கெனவே மிச்சப்படுத்திவிட்டது. இரண்டாவது கேள்வி: மீதி நஷ்டம் எங்கே போயிற்று? குருணை கஞ்சியாயிற்று. அரிசித்தூள் கலந்த தவிடு வீட்டுக்குத் திரும்பி வந்து, கழனித்தண்ணீரோடு பசுவின் தொட்டிக்குப் போயிற்று. பசு பாலாகத் திருப்பிக் கொடுத்தது. உமி அடுப்புக்குப் போயிற்று. மில்லின் வாசலில் தராசை நிறுத்தினால் நஷ்டமாகத் தெரிகிறது. வீட்டு வாசலில் நிறுத்தினால் அவ்வளவு தெரியாது. தராசை எங்கே நிறுத்துவது என்பதை யார் தீர்மானித்தார்கள்?

நான் ஹல்லருக்கு வக்கீல் இல்லை. உமித்தூள் கலந்த தவிடு நல்ல தீவனம் அல்ல என்பது எந்த மாட்டுக்காரருக்கும் தெரியும். ஆனால் அதற்குப் பரிகாரமும் சின்ன அளவிலேயே கிடைக்கிறது. உமியைத் தனியாகவும் தவிட்டைத் தனியாகவும் பிரிக்கிற சிறிய ரப்பர் உருளை மில்கள் சில லட்ச ரூபாயில் வந்துவிட்டன. ஊர் மில்காரர் ஒருவரிடம் ஏன் வாங்கவில்லை என்று கேட்டேன். "பாங்கியில இடத்துப் பத்திரம் கேக்கான், அண்ணாச்சி. தகரக் கொட்டகை இருக்கிற இடம் கோயில் நிலம்" என்றார். நிபுணருக்கு இது திறமைக் குறைவு. எனக்கு இது பத்திரக் குறைவு.

பெரிய மில்லின் திறமையை நான் மறுக்கவில்லை. உள்ளே போய்ப் பார்த்திருக்கிறேன். உமியை எரித்தே நீராவி எடுக்கிறார்கள்; கறுத்த அரிசியை ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்து ஊதித் தள்ள ஒரு யந்திரம் இருக்கிறது; பார்க்கப் பிரமிப்பாக இருக்கும். தவிடு எண்ணெய் ஆலைக்குப் போகிறது. எல்லாம் சரி. ஆனால் அறுவடையன்று ஈரத்தோடு நெல்லை விற்றுவிட்டு, ஆறு மாதம் கழித்து அதே நெல்லின் அரிசியைப் பையில் வாங்குகிற சம்சாரிக்கு அந்தத் தவிட்டில் ஒரு பிடி உண்டா? பசுவுக்குத் தவிட்டை இப்போது கடையில் விலை கொடுத்து வாங்குகிறான். அந்த விலை மில்லின் செலவுக் கணக்கில் வராது. சம்சாரியின் செலவுக் கணக்கை யாரும் எழுதுவதில்லை.

2011 ஜூன் முதல் ரேஷன் அரிசி இலவசமானது. ஏழை வீட்டில் அடுப்பு எரிகிறது. அதைக் குறை சொல்ல எனக்கு மனசு வராது. ஆனால் கூலி அரவை மில்லின் வாசலில் அதற்குப் பிறகு கூட்டம் குறைந்தது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும். பெரிய மில்லின் திறமை மாத்திரம் சின்ன மில்லைத் தோற்கடிக்கவில்லை.

இது நம் ஊர்க்கதை மட்டும் அல்ல. 1970-களில் ஜாவாத் தீவில் இதே வழக்கு நடந்தது. பெரிய பெரிய குதிர்களும் ராட்சத ஆலைகளும் கட்ட வேண்டும் என்று வெளிநாட்டு ஆலோசகர்கள் திட்டம் கொடுத்தார்கள். டிம்மர் என்ற அமெரிக்கப் பொருளாதார அறிஞர் உட்கார்ந்து கணக்குப் போட்டார். கூலி மலிவாகவும் முதல் அரிதாகவும் உள்ள தேசத்தில் சின்ன மில்களே லாபம், ராட்சத ஆலை நஷ்டம் என்று 1973-ல் எழுதினார். ஆலோசகர்களின் வாய் அடைந்தது. ஆனால் உடனே வேறு சிலர் எழுந்து, 'ஐயா, உங்கள் சின்ன மில்கள் வந்து, நெல் குத்திப் பிழைத்த பெண்களின் கூலியைப் பறித்துவிட்டனவே, அதைக் கணக்கில் சேர்த்தீரா?' என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. நம் ஊர்களில் ஹல்லர் வந்தபோது அந்தக் கேள்வியை யார் கேட்டார்கள்? 1955-ல் கார்வே குழு கேட்டது. 1958-ல் நெல் அரவையைக் கட்டுப்படுத்தச் சட்டமே வந்தது. புதிய மில் வைக்க அனுமதி வாங்க வேண்டும் என்றார்கள். குத்துகிறவளைக் காப்பாற்ற வந்த சட்டம், குத்துகிறவள் மறைந்துபோன பிறகும் மில்காரரிடம் லைசென்ஸ் கேட்டுக்கொண்டே இருந்து, 1997-ல் நீக்கப்பட்டது. அவளுக்கு வேறு வேலை தேடித் தரவேண்டும் என்று அந்தச் சட்டத்தில் ஒரு ஷரத்தும் இல்லை.

இனி அந்த மொத்தக் கணக்குக்கு வருகிறேன். கல்லூரியில் இரண்டு வருஷத்தோடு நின்றுவிட்டவன் நான். பொருளாதாரம் படித்தவன் அல்ல. ஆனால் வகுத்தல் தெரியும்.

2020-ல் மத்திய உணவு பதப்படுத்தும் தொழில் அமைச்சகம் குறுந்தொழில்களுக்காக ஒரு திட்டம் கொண்டுவந்தது. அந்தத் திட்டத்தின் முகவுரையில் சில எண்கள் இருக்கின்றன. நாட்டில் பதிவு செய்யாத சின்ன உணவுத் தொழில்கள் சுமார் 25 லட்சம். இந்தத் துறையில் யந்திரங்களில் போட்ட முதலில் அவற்றின் பங்கு 7 சதவிகிதம். பாங்கிக் கடனில் 3 சதவிகிதம். வேலை பார்க்கிறவர்களில் 74 சதவிகிதம். அவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். உற்பத்தியில் 12 சதவிகிதம். மூலப்பொருளின்மேல் கூட்டுகிற மதிப்பில் 27 சதவிகிதம்.

இந்த எண்களை எழுதியவர்களே அவற்றைத் திறமைக் குறைவுக்குச் சாட்சியாகக் காட்டுகிறார்கள். நானும் அதே எண்களைத்தான் சாட்சிக்கு அழைக்கிறேன். நூற்றுக்கு ஏழு பங்கு யந்திரத்தை வைத்துக்கொண்டு இருபத்தேழு பங்கு மதிப்பைக் கூட்டுகிறவன் யார்? சின்னவன். தொண்ணூற்று மூன்று பங்கு யந்திரத்தை வைத்துக்கொண்டு எழுபத்து மூன்று பங்கு கூட்டுகிறவன் யார்? பெரியவன். யந்திரத்தில் போட்ட ஒரு ரூபாய்க்குச் சின்னவன் கூட்டுகிற மதிப்பு பெரியவனுடையதைப் போல் ஏறக்குறைய ஐந்து மடங்கு! முதல் இல்லாத தேசம், முதல் இல்லாத தேசம் என்று எழுபது வருஷமாக அழுகிறோம். இருக்கிற முதலில் அதிகம் விளைவிக்கிறவனைத் திறமையற்றவன் என்கிறோம்.

எதிர்க்கட்சிக்காரர் சும்மா இருக்க மாட்டார். "ஆளுக்கு எவ்வளவு என்று பாரும்" என்பார். பார்த்தேன். ஓர் ஆளுக்கு என்று வகுத்தால், பெரிய ஆலையின் தொழிலாளி சின்ன இடத்துத் தொழிலாளியைப் போல் ஏறக்குறைய எட்டு மடங்கு மதிப்பைக் கூட்டுகிறான். இது பொய் அல்ல. இதை மூடி மறைக்கிறவன் ஏழைக்குத் துரோகி. ஓர் ஆள் கூட்டுகிற மதிப்புக்கு மேல் அவனுக்குக் கூலி வர வழியில்லை. சின்னத் தொழில்களில் கூலி குறைவாக இருப்பதற்கு இது ஒரு காரணம். ஆனால் அதே எண்களில் இன்னும் ஒரு வகுத்தல் பாக்கி இருக்கிறது. பெரிய ஆலைத் தொழிலாளியின் கைக்குப் பின்னால் நிற்கிற யந்திரத்தின் மதிப்பு, சின்னவன் கைக்குப் பின்னால் நிற்பதைப் போல் எத்தனை மடங்கு? ஏறக்குறைய முப்பத்தெட்டு. முப்பத்தெட்டு மடங்கு யந்திரத்தைக் கொடுத்து, எட்டு மடங்கு வேலையை வாங்கியிருக்கிறோம். சின்னவனுக்கு ஒரே ஒரு மடங்கு கூடுதலாகக் கொடுத்துப் பார்த்தோமா? கடனில் 3 சதவிகிதம் என்ற எண்ணே அதற்குப் பதில்.

சரி, அந்த 2020 திட்டம் என்ன செய்தது? யந்திரம் வாங்குவதற்கு 35 சதவிகித மானியம், பத்து லட்ச ரூபாய் வரையில். நல்லதுதான். ஆனால் மானியம் பாங்கிக் கடனோடு பிணைத்தது. கடன் கிடைத்தவனுக்கே மானியம். கடன் கிடைக்காததுதானே அவன் வியாதி? ஐந்து வருஷத்தில் இரண்டு லட்சம் பேருக்கு என்று இலக்கு வைத்தார்கள். இருப்பது இருபத்தைந்து லட்சம். போகட்டும், திட்டத்தின் பெயரில் உள்ள வார்த்தையைப் பாருங்கள்: 'முறைப்படுத்தல்'. மில்காரருக்கு யந்திரம் இல்லை, பத்திரம் இல்லை, நல்ல தராசு இல்லை. அவருக்கு என்ன குறை என்று பார்த்த வைத்தியர், ரிஜிஸ்தரில் பெயர் இல்லை என்கிறார்!

இன்னொரு பழைய மருந்தும் உண்டு: வேலி கட்டுவது. சிலவகைப் பொருள்களைச் சிறு தொழில்களே செய்யலாம் என்று 1967 முதல் ஒதுக்கீடு செய்தார்கள். பட்டியல் நீண்டுகொண்டே போய், பிறகு சுருங்கி, 2015 ஏப்ரலில் கடைசி இருபது பொருள்களும் விடுதலையாயின. ஊறுகாயும் ரொட்டியும் அந்தக் கடைசி இருபதில் இருந்தவை. வேலி இருந்தபோது உள்ளே உரம் போடவில்லை. உரம் போடாமலே ஒருநாள் வேலியைப் பிடுங்கிவிட்டு, பயிர் ஏன் வாடுகிறது என்று கேட்கிறோம்.

கூலியைப் பற்றிச் சொன்னேன் அல்லவா? அதற்குக் கல்லிடைக்குறிச்சிக்குப் போக வேண்டும். கல்லிடைக்குறிச்சி அப்பளத்துக்குத் தாமிரபரணித் தண்ணீர்தான் காரணம் என்பார்கள். நெல்லை அல்வாவுக்கும் அதுதான் என்பார்கள். கோவில்பட்டிக் கடலைமிட்டாய்க்கும் அதுதான் என்பார்கள். ஆற்றுக்கு இவ்வளவு வேலை! அது இருக்கட்டும். அப்பளத்தைத் தேய்க்கிற கை யாருடையது? வீட்டில் உட்கார்ந்து எண்ணிக்கைக் கூலிக்குத் தேய்க்கிற பெண்ணின் கை. உளுந்து விலை ஏறினால் கடைக்காரர் அப்பள விலையை ஏற்றுவார். தேய்க்கிற கூலி மெதுவாகத்தான் நகரும். இதைச் 'சிறு தொழில்' என்று சொல்லி மாலை போடுகிறவர்கள், அந்தச் சிறுமையில் யார் சிறுத்துப்போகிறார்கள் என்று பார்க்க வேண்டும்.

இதற்கு மாற்று இல்லையா? இருக்கிறது, அதுவும் அப்பளத்திலேயே இருக்கிறது. 1959 மார்ச் 15-ஆம் தேதி பம்பாய் கிர்காமில் ஏழு பெண்கள் எண்பது ரூபாய் கடன் வாங்கி அப்பளம் இட ஆரம்பித்தார்கள். அதுதான் பிறகு லிஜ்ஜத் ஆயிற்று. இன்று அதில் நாற்பதினாயிரத்துக்கு மேற்பட்ட பெண்கள் இருக்கிறார்கள். அங்கேயும் அப்பளம் கையால்தான் இடப்படுகிறது. மாவை வீட்டுக்குத்தான் எடுத்துப் போகிறார்கள். வித்தியாசம் எங்கே? சாமான்களை மொத்தமாக வாங்குவது, மாவின் தரம் பார்ப்பது, விற்பது எல்லாம் பொதுவில் நடக்கின்றன. லாபம் அப்பளம் இட்டவர்களுக்கே பங்காகிறது. கை அதே கை. அளவு அதே அளவு. தவிடு மாத்திரம் வீட்டுக்காரிக்குப் போகாமல் குத்தினவளுக்குப் போகிறது. கல்லிடைக்குறிச்சிப் பெண்களுக்கு இது ஏன் நடக்கவில்லை என்று யாராவது ஆராய்ச்சி செய்தால், அதை நான் முதல் ஆளாக வாங்கிப் படிப்பேன்.

எல்லாவற்றிலும் சின்னதே ஜெயிக்கும் என்று நான் சொன்னதாக யாரும் எழுதிவிட வேண்டாம். எண்ணெயை எடுத்துக்கொள்ளுங்கள். மரச் செக்கு புண்ணாக்கில் நூற்றுக்குப் பத்துக்கு மேல் எண்ணெயை விட்டுவிடுகிறது. ரசாயனத்தில் ஊறவைத்து எடுக்கிற ஆலை ஒன்றைக்கூட விடுவதில்லை. நமக்கு வேண்டிய சமையல் எண்ணெயில் பாதிக்கு மேல் கப்பலில் வருகிறபோது இது சின்ன விஷயம் அல்ல. செக்கு எண்ணெயின் வாசனைக்கு நானும் அடிமைதான். ஆனால் வாசனை வேறு, கணக்கு வேறு. கரும்பிலும் அப்படியே. பெரிய ஆலை பிழிகிற அளவுக்குச் சின்ன ஆலை பிழியாது. சக்கையை எரித்தே பெரிய ஆலை தன் அடுப்பை மூட்டிக்கொள்கிறது. பண்டத்துக்குப் பண்டம் கணக்கு வேறுபடும். நிபுணர்களிடம் நான் கேட்பது இதுதான்: ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள், மொத்தமாகத் தீர்ப்பு எழுதாதீர்கள்.

கருப்பட்டியின் கணக்கை மாத்திரம் இதுவரை யாரும் சரியாகப் போட்டதாகத் தெரியவில்லை. ஆற்றுக்குத் தெற்கே, திருச்செந்தூர், உடன்குடி, சாத்தான்குளம் பக்கம், செம்மண் தேரியில் நெல் விளையாது, பனை விளையும். 1978 முதல் அது நம் மாநில மரம். கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவி மேலே கட்டி, காலையிலும் மாலையிலும் மரத்துக்கு மரம் ஏறி இறங்கி, பதநீரைக் கொண்டு வருவான் புருஷன். அது புளிப்பதற்குள் அடுப்பில் ஏற்றி, மணிக்கணக்காகப் புகையில் நின்று காய்ச்சி, பதம் பார்த்துச் சிரட்டையில் ஊற்றுவாள் பெண்சாதி. இங்கே பெரிய ஆலைக்கு வழியே இல்லை. பதநீர் காத்திருக்காது, மரம் நடந்து வராது, ஏறுவதற்கு மனிதன் வேண்டும். உலகத்து முதலையெல்லாம் கொண்டுவந்து கொட்டினாலும் இந்தத் தொழில் சின்னதாகத்தான் இருக்கும்.

அப்படியானால் திறமையைக் கூட்ட வேண்டிய இடம் எது? அடுப்பு. திறந்த அடுப்பில் உடைமர விறகும் பனையோலையும் எரிந்து, சூட்டில் பெரும்பகுதி ஆகாசத்துக்குப் போகிறது. மிச்சப் புகை அவள் கண்ணுக்குப் போகிறது. புகைபோக்கி வைத்து, சூட்டை வரிசையாக இரண்டு மூன்று தாச்சிகளுக்குத் திருப்புகிற அடுப்பு ஒன்றும் சந்திர மண்டலத்து வித்தை அல்ல. வெல்லம் காய்ச்சுகிறவர்கள் பல இடங்களில் அப்படித்தான் கட்டுகிறார்கள். இரண்டாவது, போட்டி. அவளுக்குப் போட்டி பெரிய ஆலை அல்ல. பதநீரைவிடச் சீனி மலிவு என்பதால் சீனியைக் கரைத்துக் கருப்பட்டி என்று விற்கிறவன்தான். அவன் சரக்கு கெட்டியாகவும் இருக்கும், மலிவாகவும் இருக்கும். திறமை என்றால் அவனைப்போல் திறமைசாலி கிடையாது. உடன்குடிக் கருப்பட்டிக்குப் புவிசார் குறியீடு கொடுத்தாகிவிட்டது. பத்திரத்தைச் சட்டம் போட்டு மாட்டிவிட்டால் சீனி பயந்து ஓடிவிடுமா? சிரட்டையிலிருந்து எடுத்த கருப்பட்டியில் சீனி இருக்கிறதா என்று காய்ச்சுகிற ஊரிலேயே, ஒரு சந்தை நாளுக்குள், ஐந்து பத்து ரூபாய்க்குள் சோதித்துச் சொல்ல ஒரு கூடமும், அடுப்பு கட்டப் பத்திரம் கேட்காத ஒரு கடனும் வேண்டும். அடுத்த பதநீர்ப் பருவம் பங்குனியில் வந்துவிடும்.